கட்டை மேல் வைத்த கீரை

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. மறந்துபோய்விடவில்லை. அந்தப் பெயரை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அவ்வளவுதான். தோட்டத்தில் எல்லாரும் அவளை அக்கா என்றோம். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றார்கள். பாசத்தினால் இல்லை, அவள் வாய்க்குப் பயந்து.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். குழாயடியில் தண்ணீர் பிடித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நம் பாட்டுக்கு நடந்தால் போச்சு. "ஒனக்கப்புறம் மனுசங்க இல்லையாடி? அடுத்தவ வாளிய எடுத்து வச்சிட்டுப் போ" என்று பின்னாலிருந்து குரல் வரும். கக்கூஸ் கதவைச் சாத்தாமல் வந்த ஒருவனை, கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாதவன் என்றும் பாராமல், புதுப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நிற்கையில் திரும்பிப் போய்ச் சாத்த வைத்தாள். அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்று கணக்குப் பார்க்கிற ஆள் அவள் இல்லை.

ஒனக்கப்புறம் மனுசங்க இல்லையா. இதுதான் அவளிடம் எப்போதும் கேட்கிற பேச்சு. எதை எடுத்தாலும், எங்கே உட்கார்ந்தாலும், எதிலிருந்து எழுந்தாலும், அடுத்து வருகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பு அவளுக்கு. முகம் தெரியாத அந்த ஒருத்தனுக்காகக் கண் முன்னால் நிற்கிற எங்களையெல்லாம் திட்டித் தீர்த்தாள். எங்களுக்கு எரிச்சலாக வரும். எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாக்காவில், அலோர் காஜா போகிற பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு சதுப்பு நிலம். மலாயில் பாயா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். நடுவில் ஓர் ஓடை ஓடும், அங்கங்கே குளம் மாதிரி தேங்கி நிற்கும். தண்ணீர் நிற்கிற பள்ளம் என்பதால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. ரப்பர் பிடிக்காத இடம் தொரை கண்ணுக்குத் தெரியாது. அதனால் அது யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமாகக் கிடந்தது. நாங்கள் இந்தப் பக்கமிருந்து போவோம். அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கம்பம் என்போம், மலாய்க்காரர்கள் வருவார்கள். கங்கோங் கீரை, நுனி சுருண்ட பாக்குக் கீரை, மழை விட்டால் காளான், கெளுத்தி, விரால், விறகு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது அந்தப் பாயாதான் எங்கள் தோட்டத்தைச் சாகாமல் வைத்திருந்தது. இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அப்போது நான் குமரி, அதைத் தின்று உயிர் பிழைத்தவள்.

பாயாவில் இறங்குவதற்கு அக்காவின் சட்டம் ஒன்று உண்டு. ஓடையின் மேல் மடு குடிக்க, நடு மடு குளிக்க, கீழே துணி துவைக்க. கீரையைக் கையால் கிள்ள வேண்டும், கத்தி கூடாது. விறகு விழுந்து கிடப்பதுதான், ஒடிக்கக் கூடாது. குஞ்சோடு திரிகிற விராலைத் தொடக் கூடாது. இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, சொன்னால் கேட்டுவிடலாம். பெரிய விஷயம் கால். "நூறு காலு மிதிச்சா கீர எங்கடி மொளைக்கும்? சேறுதான் மொளைக்கும்" என்பாள். அதனால் எல்லாரும் இறங்கக் கூடாது. ஒரே ஒரு தடம், அதில் பலகை போட்டு வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாலைந்து பேர் போகலாம். போகிறவள் தனக்கு ஒரு கட்டுப் பறித்தால், இன்னொரு கட்டும் பறித்துக் கரையில் கிடந்த மரக்கட்டை மேல் வைத்துவிட்டு வர வேண்டும். நேரமில்லாதவள், முடியாதவள், வழியில் போகிறபோது அதை எடுத்துக்கொள்ளலாம். யார் வைத்தது என்று எடுக்கிறவள் கேட்கக் கூடாது. யார் எடுத்தது என்று வைக்கிறவள் பார்க்கக் கூடாது.

யோசித்துப் பார்த்தால் புத்தியான ஏற்பாடு. நாலு பேர் கால் பட்டு, வாரம் திரும்புவதற்குள் நாற்பது வீட்டில் குழம்பு கொதித்தது. கம்பத்து ஆட்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். சொங்கோ தொப்பி போட்ட ஒரு பெரியவர் சில நாட்களில் ரம்புத்தான் கொத்தை வைத்துவிட்டு ஒரு கீரைக் கட்டை எடுத்துப் போவார். அவருக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. கட்டை மேல் இருப்பதை வைத்து அன்றைக்கு அவர் வந்து போனார் என்று தெரிந்துகொள்வோம்.

பெரிய கிராணிதான் ஆபீஸில் தொரைக்கு அடுத்தபடி. அவர் மனைவி ஒரு தடவை குடை பிடித்துக்கொண்டு, வேலைக்காரியைக் கூட்டிக்கொண்டு, மழை விட்ட காலையில் பாயாவுக்கு வந்தார். அன்று பட்டுப்போன மரங்களில் வெள்ளை வெளேரென்று காளான் பூத்திருந்தது. ஒன்று விடாமல் வழித்துக் கூடை நிறைத்துக்கொண்டு தடத்தில் ஏறி வந்தவரை அக்கா மறித்தாள்.

"கிராணியம்மா, ஒங்க வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. எதுக்குக் கேக்குற?"

"ரெண்டு பேருக்கு இம்புட்டு எதுக்கு? வயிறு கெட்டுப் போயிரும்லா."

சொல்லிக்கொண்டே கூடையை வாங்கி, பாதியைக் கட்டை மேல் இலை போட்டுக் கொட்டிவிட்டு, கூடையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். கிராணியம்மா குடையைச் சாய்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். நாங்கள் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் காளானை நானும்தான் எடுத்து வந்து சமைத்தேன். கிராணி சிரித்திருக்க மாட்டார் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

எனக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை, புல்வெட்டுக்குத் திரும்பிவிட்டேன். பால் பற்றவில்லை. குழந்தை வீல் வீலென்று கத்தும். பாயாவில் இறங்க உடம்பில் தெம்பில்லை. அந்த நாட்களில் கட்டை மேல் தினமும் ஒரு கட்டு முருங்கைக் கீரையும் வாழைநாரில் கோத்த இரண்டு கெளுத்தியும் இருந்தன. பாயாவில் முருங்கை கிடையாது. லயத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில் மட்டும்தான் முருங்கை இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, சட்டம் அப்படி. அவளும் ஒரு நாள்கூடச் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டதில்லை. என் மகள் அந்தக் கீரையில்தான் உடம்பு தேறினாள்.

இப்படி எல்லாம் செய்தவள்மேல் எனக்கு எப்படி வஞ்சம் வந்தது என்று கேட்டால், வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிநேகிதர்களோடு போய் ஓடையின் மேல் மடுவில் தூபா வேரை நசுக்கிப் போட்டுவிட்டார். அது மீனை மயக்குகிற விஷ வேர். கொஞ்ச நேரத்தில் பெரிசும் சிறிசும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. விரல் நீளமில்லாத குஞ்சுகள் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கின. கம்பத்து மக்களும் வந்து எடுத்துக் குடிக்கிற தண்ணீர் அது. அக்கா வந்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் கூடையில் அள்ளி வைத்திருந்த மீனையெல்லாம் மண்ணில் கொட்டினாள். அவர் கையைப் பிடித்து, ஊரே வேடிக்கை பார்க்க, தடத்தைத் தாண்டிக் கம்பத்துக்குக் கூட்டிப்போய்ச் சொங்கோ பெரியவர் வாசலில் நிறுத்தினாள்.

"சொல்லு. இன்னிக்கித் தண்ணி எடுக்காதீங்க, நான் வெஷம் போட்டுட்டேன்னு சொல்லு."

அவர் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டு, தலையாட்டி, உள்ளே போய் இரண்டு டம்ளர் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாராம். அந்தக் கோப்பிதான் அவருக்கு மிகவும் உறுத்தியது. வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கி எறிந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தப்புச் செய்தது அவர், தண்டனை எனக்கு. நியாயமாகப் பார்த்தால் நான் அவர்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். அக்காமேல்தான் பட்டேன். வீட்டுக்காரரைக் கோபித்துக்கொண்டு எங்கே போய்ப் படுப்பது? அக்காவைக் கோபித்துக்கொள்வது சுலபம்.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த சில வருஷத்தில் எமர்ஜென்சி வந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று லயத்தைச் சுற்றி இரட்டை முள்வேலி போட்டார்கள். ஒரே கேட். விடிந்தால்தான் திறக்கும், மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். அதற்குமேல் வெளியே நின்றால் சுடலாம் என்று உத்தரவு. அரிசி பங்கீட்டில்தான். கேட்டுக்கு வெளியே ஒரு பருக்கைச் சோறுகூடக் கொண்டு போகக் கூடாது, காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடுமாம். பெண்கள் வெறும் வயிற்றோடு போய் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பினார்கள்.

ஆண்களைச் சோதிக்க ஆண்கள் இருந்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், கைக்குழந்தைக்காரி, லேசான வேலை கேட்டுக் கிராணியிடம் நடையாய் நடந்தவள். என்னைப் போட்டார்கள். கேட்டோரம் கோணிச் சாக்கு கட்டிய மறைப்புக்குள் நின்றுகொண்டு, என்னோடு நேற்றுவரை புல் வெட்டியவர்களின் இடுப்பையும் தலைத்துணியையும் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. தேத்தண்ணி போத்தலிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பேன், சீனி போட்டிருக்கக் கூடாது. பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பேன். முதல் வாரம் கூசியது. இரண்டாவது வாரம் கூசவில்லை. மூன்றாவது வாரம் அதட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா மட்டும் உள்ளே வந்ததும் தானாகவே இரண்டு கையையும் தூக்குவாள். "சீக்கிரம் பாரு புள்ள, பின்னால நிக்கிறாங்க" என்பாள். ஒரு நாள்கூட அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். சொல்ல வேண்டிய நேரத்தில் சத்தியம் செய்யவில்லை என்பது வேறு கதை.

கட்டை மேல் எதையும் வைக்கக் கூடாது என்று கிராணி பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கூப்பிடுகிற இடத்தில், எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். காட்டோரத்தில் தின்கிற பொருளை வைத்தால் அது காட்டுக்காரனுக்கு வைத்ததாகத்தான் அர்த்தம், பிடித்தால் நாடு கடத்திவிடுவார்கள் என்றார். அன்றையிலிருந்து நாங்கள் வைப்பதை நிறுத்தினோம். எடுப்பதை நிறுத்தவில்லை.

ஆம், எடுப்பதை நிறுத்தவில்லை. அக்கா வைத்துக்கொண்டே இருந்தாளே. மரம் வெட்டுவதில் கை வேகம் அவளுக்கு, எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுவாள். கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டிய அவசரத்தில் மற்றவர்களுக்குப் பாயாவில் இறங்க நேரமில்லை. அவள் ஒருத்தி இறங்கி ஏழெட்டுக் கட்டுப் பறித்து வைப்பாள். வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டு வருவார்கள். உள்ளே கொண்டுவருவதற்குத் தடையில்லை. நான் மறைப்புக்குள் நின்று அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் ஒரே மாதிரி நாரால், ஒரே மாதிரி முடிச்சுப் போட்டவை. போ, போ என்று அனுப்புவேன். என் வீட்டுக்காரர் கொண்டுவரும் கட்டிலும் அதே முடிச்சுதான். அதை நான்தான் அவிழ்த்துச் சமைத்தேன்.

ஒரு நாள் மறைப்புக்குள் நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, வைக்காதீங்கக்கா. யாராச்சும் பார்த்தா வம்பாயிடும்."

"நான் நிப்பாட்டுனா எல்லாருமா எறங்குவாங்க. அவசரத்துல வேரோட புடுங்குவாங்க. ஒரே மாசம், பாயா போயிரும்."

"பாயா போனா போகட்டும். நீங்க போயிடுவீங்க."

"நான் இந்தக் கேட்டத் தாண்டி ஒரு அரிசியாச்சும் கொண்டு போறேனா? நீதான தெனம் பாக்குற?"

"இல்லக்கா."

"அப்பறம் என்னா? அங்க மொளச்சத அங்கயே வச்சிட்டு வர்றேன். கேட்டா நீ சொல்ல மாட்டியா?"

"சொல்வேன்க்கா" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ரோந்து போன பட்டாளத்துக்காரர்கள் கட்டை மேலிருந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆபீஸ் முன்னால் மேசை போட்டு வைத்தார்கள். நாலு கீரைக் கட்டு, ஒரு நாரில் கெளுத்தி மீன், மூன்று மரவள்ளிக் கிழங்கு. பக்கத்துச் சீனர்களை அரசாங்கம் வேலி போட்ட புது கிராமத்துக்குப் பெயர்த்த பிறகு அவர்கள் போட்ட கிழங்கு கேட்பாரில்லாமல் கிடந்தது, அதில் தோண்டியிருப்பாள். வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் பேசுவதைக் கிராணி தமிழில் சொன்னார். பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தார்கள்.

"யார் வச்சது?"

யாரும் வாய் திறக்கவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருத்தி வீட்டிலும் அந்த வாரம் ஒரு நாளாவது அந்தக் கீரைதான் குழம்பு. கிராணி வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்ற என்னிடம் திரும்பினார்.

"கேட்டுல நிக்கிறவ நீ. ஒனக்குத் தெரியாம இருக்குமா? இல்ல, தெரிஞ்சேதான் விட்டியா?"

எனக்கு வேலை போகும் என்று தோன்றியது, குழந்தை தோன்றியது. கம்பத்து வாசலில் கோப்பி டம்ளரோடு நின்ற வீட்டுக்காரர் முகமும் தோன்றியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்காதாங்க வைக்கும்" என்றேன்.

அவளே முன்னால் வந்து சொல்லியிருப்பாள், வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தாள், நான் முந்திக்கொண்டேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தர்ப்பத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா, நான்தான் வச்சேன். அதுக்கென்னா?" என்றாள்.

"யாருக்கு வச்ச?"

"எடுக்கறவங்களுக்கு."

"யாரு எடுக்கறாங்க?"

"அத நான் பார்த்ததில்ல. பார்க்கவும் கூடாது. அதான் மொற."

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். காட்டோரத்தில் சாப்பாட்டை வைக்கிறாள், யாருக்கு என்று சொல்ல மறுக்கிறாள். அவர் பார்வையில் வேறென்ன வேண்டும்? கிராணிக்கு இந்த வழக்கம் தெரியும். காளான் கொட்டிய கதை அவர் மனைவிக்கே நடந்த கதை. அவர் விளக்கவில்லை.

அக்கா விரலை நீட்டி வரிசையில் யாரையாவது காட்டியிருக்கலாம். இவள் எடுத்தாள், அவள் எடுத்தாள், கேட்டில் நிற்கிறாளே அவளும் எடுத்தாள் என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எல்லாரையுமா லாரியில் ஏற்றுவார்கள்? தோட்டத்தில் பால் யார் எடுப்பது? அவள் சொல்லவில்லை. வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்களாகச் சொல்வோம் என்று காத்திருந்தாள். நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம்.

லாரியில் ஏற்றும் முன் சோதிக்க வேண்டுமென்று அவளை என்னிடமே அனுப்பினார்கள். சாக்கு மறைப்புக்குள் வந்தவள் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கினாள்.

"நல்லா பாரு புள்ள."

பார்த்தேன்.

"ஏதாச்சும் இருக்கா?"

"இல்லக்கா."

"அத வெளிய போய்ச் சத்தமாச் சொல்லு. நாங்க எல்லாருந்தான் எடுத்தோம்னு அதோட சேத்துச் சொல்லிரு. ஒரு வார்த்த. எனக்கு இங்கன விட்டா வேற எடமில்லடி."

அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் வெளியே வந்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்லங்க" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மற்ற வார்த்தை வரவில்லை. அவள் எனக்குப் பின்னால் கொஞ்சம் நின்று பார்த்தாள். அப்புறம் தானாக நடந்துபோய் லாரியில் ஏறிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சொங்கோ பெரியவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். நெஞ்சில் கை வைத்து, "சாயா அம்பில், சாயா அம்பில்" என்றார். நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன் என்று. கட்டை மேலிருந்ததை வருஷக்கணக்காக எடுத்தவன் நான், எங்கள் கம்பத்தில் இன்னும் பத்துப் பேர் சொல்வார்கள், பெரிய ஐயாவைக் கூப்பிடு என்றார். வெயிலில் நின்றார். கிராணி வெகுநேரம் கழித்து வந்து, அதெல்லாம் முடிந்துபோன விஷயம், மலாக்கா டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். பெரியவர் டவுன் ஸ்டேஷனுக்கும் சைக்கிளிலேயே போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். உள்ளே விடவில்லையாம். அவளோடு பத்து வார்த்தைகூடப் பேசியிராத மனிதர்.

சில மாதம் முகாமில் வைத்திருந்துவிட்டு அவளை ஊருக்கு, இந்தியாவுக்கு, கப்பலேற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊராம். அவள் பிறந்தது இந்த மலாக்காவில் இன்னொரு தோட்டத்து லயத்தில். ஜப்பான்காரன் பிடித்துப்போன புருஷன் திரும்பவில்லை, பிள்ளை இல்லை. கப்பலை விட்டு இறங்கி அங்கே எந்தக் குழாயடியில், யார் வாளிக்கு இடம் விட்டு நின்றாளோ, எனக்குத் தெரியாது.

பாயா அவள் சொன்ன ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கட்டை மேல் ஒன்றுமில்லை என்றதும் கேட் மூடுமுன் ஆளாளுக்கு இறங்கினோம். பலகைத் தடம் யாருக்கு வேண்டும்? கிடைத்த வழியில் மிதித்தோம். கீரையை வேரோடு பிடுங்கினோம். சவர்க்கார நுரை மேல் மடுவிலேயே மிதந்தது. என் வீட்டுக்காரர் மறுபடியும் தூபா வேர் போட்டார், இந்தத் தடவை கேட்க ஆளில்லை. மலாக்காவில் கெடுபிடி சீக்கிரமே தளர்ந்து, வேலியைப் பிரித்தபோது அங்கே நாற்றமடிக்கிற சேறுதான் இருந்தது. தொரை வாய்க்கால் வெட்டி அதை வடித்துவிட்டார். எங்களில் ஒருத்தரும் வருத்தப்படவில்லை. பட்டாளமும் அழிக்கவில்லை, காட்டுக்காரனும் அழிக்கவில்லை. நாங்களே செய்தோம்.

அப்புறம் நாங்கள் பாயா ரும்புட் என்கிற ஊர்ப் பக்கம் குடிவந்தோம். மகள் வளர்ந்து பள்ளிக்கூட ஆசிரியை ஆனாள். ஒரு நாள் பழைய தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தவள், புடவையை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அங்க பேசிக்கிட்டாங்க. எமர்ஜென்சி டைம்ல ஒரு பொம்பள காட்டுக்காரங்களுக்குச் சாப்பாடு கொடுத்து மாட்டுனாளாமே? நீங்க கேட்டுல வேல பார்த்தீங்கல்ல, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நெசமாவே கொடுத்தாங்களா?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. நீ பிறந்து பால் பற்றாமல் கிடந்தாய் என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் சாக்கு மறைப்புவரை போக வேண்டும். என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை மாறிவிடக் கூடாது என்று இருந்தது.

"ஆமா, கொடுத்தா" என்றேன்.

"தேவையா அந்தப் பொம்பளைக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் புடவையை மடிக்கப் போனாள்.

ஆபீஸ் முன்னால் அதிகாரியிடம் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அக்காவைப் பற்றி நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். அதையும் யாரும் மிரட்டிக் கேட்கவில்லை.